லண்டன் – நியூயார்க்: தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் ஏன் வரவில்லை?

வரைகோல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு விமான நிலையங்களைக் குறிப்பிட்டால் அவற்றுக்கு இடையிலுள்ள தூரத்தையும் பயண நேரத்தையும் சொல்லும் சிறிய நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். எல்லோரும் அறிந்த தடம் என்பதால், சோதனைக்கு லண்டன் ஹீத்ரோவையும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தையும் எடுத்துக்கொண்டேன். இரண்டின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொடுத்ததும் 5,540 கி.மீ. என்று விடை வந்தது. அதே இணைக்கு வேறோர் இடத்தில் 5,555 கி.மீ. என்று இருக்கிறது. இந்த 15 கி.மீ. எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

அதைவிடப் பெரிய குழப்பம் நேரத்தில் இருக்கிறது. பெரிய ஜெட் விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கின்றன என்பதால் அந்த எண்ணால் வகுத்தேன். 6 மணி 10 நிமிடம் வந்தது. ஆனால் அட்டவணைகளில் லண்டனிலிருந்து நியூயார்க் செல்ல ஏறத்தாழ 8 மணி நேரமும், அங்கிருந்து லண்டனுக்குத் திரும்ப ஏறத்தாழ 7 மணி நேரமும் போட்டிருக்கிறார்கள். போகும்போதும் வரும்போதும் தூரம் ஒன்றுதானே? என் வாய்பாட்டில் பிழை இருக்கிறதா, அல்லது கேள்வியையே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நிலஅளவை எழுதியது:

தூரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். நேரத்தைப் பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

நீங்கள் பெரும்பாலும் ஹாவர்சைன் வாய்பாட்டைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அது பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள முழுக் கோளமாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் பூமி துருவங்களில் சற்றே அமுங்கியது. நடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. இந்த 21 கி.மீ. வேறுபாட்டையும் கணக்கில் சேர்த்து, செயற்கைக்கோள் வழிகாட்டிகள் பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 வடிவத்தின் மேல் அளந்தால் 5,555 கிடைக்கும். ஆகவே இரண்டு விடைகளும் பிழையல்ல. எந்த உருவத்தின் மேல் அளந்தார்கள் என்பதே வேறுபாடு. கோளக் கணக்கில் இத்தகைய விலகல் அதிகபட்சமாக அரை விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும்.

விலகல் எந்தப் பக்கம் போகும் என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. நடுக்கோட்டின் அருகே கிழக்கு மேற்காக ஒரு பாகை நகர்ந்தால் 111.32 கி.மீ.; அதே இடத்தில் வடக்கு தெற்காக ஒரு பாகை நகர்ந்தால் 110.57 கி.மீ. மட்டுமே. கோளக் கணக்கோ இரண்டுக்கும் 111.19 என்று ஒரே எண்ணைத் தருகிறது. அதனால் சில தடங்களில் உங்கள் நிரல் குறைத்துச் சொல்லும், சில தடங்களில் கூட்டிச் சொல்லும். துல்லியம் வேண்டுமென்றால் 1975-இல் வின்சென்டி வெளியிட்ட முறையைப் பயன்படுத்தலாம். பூமியின் நேரெதிர்ப் பக்கங்களில் அமைந்த இரு புள்ளிகளைக் கொடுத்தால் அந்த முறை சில வேளைகளில் விடைக்கு வராமலே சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் குறையை 2013-இல் கார்னி வெளியிட்ட முறை தீர்த்துவிட்டது.

இன்னொன்று: ஒரு விமான நிலையத்தின் ஆள்கூறு என்று தரப்படுவது அந்த நிலையத்துக்கென வரையறுத்த ஒரே ஒரு குறிப்புப் புள்ளி. ஹீத்ரோவின் ஓடுபாதைகள் ஒவ்வொன்றும் மூன்றரை கி.மீ.க்கு மேல் நீளமானவை. ஆகவே தசமப் புள்ளிக்குப் பின் வரும் இலக்கங்களைப் பயணிகளுக்குக் காட்ட வேண்டியதில்லை.

நேர்வழி எழுதியது:

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் விமானத்தில் இருக்கைக்கு முன்னுள்ள திரையில் காட்டும் வரைபடத்தைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நியூயார்க் லண்டனைவிட ஏறத்தாழ 11 பாகை தெற்கே இருந்தும், விமானம் முதலில் வடமேற்காக ஏறி, வில்லைப் போல வளைந்து பிறகுதான் தெற்கே இறங்குகிறது. நேராகப் போகாமல் வளைந்து போவதால்தான் நேரம் கூடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சரிதானா?

நிலஅளவை எழுதியது:

நேர்மாறாக இருக்கிறது, நண்பரே. அந்த வளைவுதான் குறுக்குவழி. சொல்லில் விளக்குவதைவிட நீங்களே செய்து பார்ப்பது மேல். ஓர் உலக உருண்டையை எடுத்து, லண்டனில் நூலின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை நியூயார்க்கில் வைத்துத் தளர்வில்லாமல் இழுங்கள். நூல் தானாகவே வடக்கே நழுவி, அயர்லாந்தைத் தாண்டி அட்லாண்டிக்கின் வடபகுதி வழியாக நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் போய்ப் படியும். அதை விரலால் தெற்கே தள்ளி, தட்டை வரைபடத்தில் நேர்கோடாகத் தெரியும் வழிக்குக் கொண்டுவர முயன்றால் நூல் போதாமல் போகும்; மறுமுனையைச் சற்றுத் தளர்த்தினால்தான் நகரும். இழுத்துப் பிடித்த நூல் படியும் அந்தக் கோட்டைத்தான் பெருவட்டம் என்கிறோம்.

எண்களில் சொல்வதானால், பெருவட்ட வழியில் லண்டனிலிருந்து கிளம்பும் திசைக்கோணம் சுமார் 288 பாகை, அதாவது நேர் மேற்கிலிருந்து 18 பாகை வடக்கே. அதை விட்டுவிட்டு, வழி முழுவதும் திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போனால், மெர்கேட்டர் வரைபடத்தில் அது அழகான நேர்கோடாகத் தெரியும். ஆனால் தூரம் சுமார் 5,760 கி.மீ. ஆகிவிடும். 220 கி.மீ. வீண். மெர்கேட்டர் 1569-இல் அந்த வரைபடத்தை வகுத்தது, மாலுமிகள் ஒரே திசைக்கோணத்தில் கலத்தைச் செலுத்துவதற்காக. குறைந்த தூரத்தைக் காட்டுவது அதன் நோக்கமாக இருந்ததே இல்லை.

வடக்கே போகப் போக இந்த வேறுபாடு மிகப் பெரிதாகும். 60 பாகை வட அட்சத்தில், உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு ஊர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அட்சக்கோட்டை ஒட்டியே போனால் ஏறத்தாழ 10,000 கி.மீ.; துருவத்தைத் தாண்டிப் போனால் 6,670 கி.மீ. போதும்.

காற்றுமானி எழுதியது:

நான் பல ஆண்டுகள் விமானப் பயணத் திட்டங்களைத் தயாரிக்கும் பணியில் இருந்தவன். எனவே நேரத்தைப் பற்றிய கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறேன்.

முதலில் 900 என்ற எண். அது காற்றைப் பொறுத்த வேகமே தவிர, தரையைப் பொறுத்த வேகம் அல்ல. விமானம் பறக்கும் உயரத்தில் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 56 பாகை. அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கி.மீ.யாகக் குறைகிறது. அதில் 0.85 மடங்கு என்றால் 900 வரும். இது சூழ்ந்திருக்கும் காற்றுக்குள் விமானம் நகரும் வேகம். அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தால்? ஓடும் ஆற்றில் துடுப்புப் போடுகிறவருக்கு நடப்பதுதான் இங்கும் நடக்கும்.

வட அட்லாண்டிக்குக்கு மேலே, விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. 1920-களில் ஜப்பானிய வானிலை அறிஞர் வசாபுரோ ஓயிஷி பலூன்களை மேலே விட்டு அவற்றின் நகர்வை அளந்து இந்தக் காற்றைப் பதிவு செய்தார். 1926-இல் அதை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டதால் உலகம் நெடுநாள் கவனிக்கவில்லை. இந்தக் காற்று லண்டன் செல்லும் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும். நியூயார்க் செல்லும் விமானத்தை எதிர்த்து நிற்கும். 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. அது ஒலியை முந்திவிட்டது என்று அப்போது சிலர் எழுதினார்கள், தவறு. சூழ்ந்திருந்த காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்தில்தான் பறந்துகொண்டிருந்தது.

அடுத்து, பலரும் வழுக்கி விழும் இடம். போகும்போது இழந்ததைத் திரும்பும்போது பெற்றுவிடலாம், ஆகவே சராசரிக்குக் காற்றை விட்டுவிடலாம் என்று நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தூரம் 5,550 கி.மீ., காற்றைப் பொறுத்த விமானத்தின் வேகம் 900, வீசும் காற்றின் வேகம் 150 என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் போக 6 மணி 10 நிமிடம், வர 6 மணி 10 நிமிடம். மொத்தம் 12 மணி 20 நிமிடம். காற்று வீசும்போது எதிர்த்துப் போக 7 மணி 24 நிமிடம், தள்ளிக்கொண்டு வர 5 மணி 17 நிமிடம். மொத்தம் 12 மணி 41 நிமிடம். போகவர 21 நிமிடம் கூடுதல். எதிர்க்காற்றில் இருக்கும் நேரம் அதிகம், பின்காற்றில் இருக்கும் நேரம் குறைவு என்பதே காரணம். நேரான காற்று எந்தப் பக்கம் வீசினாலும், ஒரே வழியில் போய்த் திரும்பும் பயணத்துக்கு அது எப்போதும் செலவுதான்.

இதனால்தான் அட்லாண்டிக்கின் மேல் விமானப் பாதைகள் நாள்தோறும் புதிதாக வகுக்கப்படுகின்றன. கிழக்கே போகிறவர்களைக் காற்றோட்டத்துக்குள் நுழைய விடுவார்கள். மேற்கே வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். குறைந்த தூரமுள்ள வழியை விடக் குறைந்த நேரமும் குறைந்த எரிபொருளும் உள்ள வழியையே நாங்கள் தேடுவோம். பெருவட்டத்தைவிட 200 கி.மீ. நீளமான பாதை 15 நிமிடம் முன்னதாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நாள்கள் உண்டு.

பம்பரம் எழுதியது:

காற்றுமானி ஐயா, ஒரு சந்தேகம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அப்படியானால் மேற்கே போகும் விமானத்தை நோக்கி ஊர் நகர்ந்து வர வேண்டும். அது விரைவாகச் சேர வேண்டும். நீங்கள் சொல்வதோ தலைகீழாக இருக்கிறதே?

காற்றுமானி எழுதியது:

நல்ல கேள்வி. பூமி சுழலும்போது அதன் மேலிருக்கும் காற்றும், ஓடுபாதையில் நிற்கும் விமானமும் சேர்ந்தே சுழல்கின்றன. ஓடும் இரயில் பெட்டிக்குள் நீங்கள் எகிறிக் குதித்தால் பின்சுவரில் போய் மோதுவதில்லை அல்லவா? அதைப் போலத்தான் இதுவும். சுழற்சி நேரடியாக நேரத்தை மாற்றுவதில்லை. ஆனால் மறைமுகமாக மாற்றுகிறது. நடுக்கோட்டிலிருந்து துருவத்தை நோக்கி மேலடுக்கில் செல்லும் காற்றைக் கிழக்கே திருப்பிவிடுவது அந்தச் சுழற்சிதான். அது இல்லாவிட்டால் நான் மேலே சொன்ன ஜெட் காற்றோட்டம் இந்த வடிவில் இருக்காது. ஆகவே உங்கள் உள்ளுணர்வு சுழற்சியைக் கணக்கில் எடுத்தது சரி, விளைவுதான் எதிர்ப்பக்கம்.

தடைக்கட்டை எழுதியது:

வானத்தைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம், தரையை மறந்துவிட்டோம். நான் விமானங்களைத் தரையில் கையாளும் பணியில் இருக்கிறேன். அட்டவணையில் நீங்கள் பார்க்கும் 8 மணி நேரம் என்பது பறக்கும் நேரமே அல்ல. சக்கரத்தின் முன்னும் பின்னும் வைத்திருக்கும் தடைக்கட்டைகளை எடுத்து, விமானம் நகரத் தொடங்கும் கணம் முதல், மறுமுனையில் நின்று மறுபடி கட்டை வைக்கும் கணம் வரை உள்ள நேரம் அது. இதைப் பிளாக் நேரம் என்போம்.

ஒரு புறப்பாட்டைச் சொல்கிறேன். கதவு மூடியாகிவிட்டது. இழுவை வண்டி முன்சக்கரத்தைப் பிடித்து விமானத்தைப் பின்னால் தள்ளுகிறது. அங்கேயே நின்று இயந்திரங்களை ஒவ்வொன்றாக இயக்குகிறார்கள். காதில் ஒலிவாங்கியோடு விமானத்தின் மூக்குக்குக் கீழே நிற்பவர் இணைப்பைக் கழற்றிக்கொண்டு விலகி வந்து, முன்சக்கரத்திலிருந்து எடுத்த பாதுகாப்பு ஊசியை அதன் சிவப்பு நாடாவோடு உயர்த்திக் காட்டுவார். விமானி அதைப் பார்த்துக் கையசைத்த பிறகே சக்கரம் சொந்த விசையில் உருளும். இதற்கே ஏழெட்டு நிமிடம் ஆகிவிடும். பிறகு ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும். முன்னே நான்கைந்து விமானங்கள் காத்திருந்தால் அவற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நெரிசலான நிலையங்களில் புறப்படும் பக்கம் மட்டும் 20 அல்லது 25 நிமிடம் போவது வியப்பல்ல.

ஏறிய பிறகும் உடனே 900 வந்துவிடாது. 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ., என்ற வரம்பு பல நாடுகளில் உண்டு. இறங்கும்போதும் அப்படியே. சில வேளைகளில் ஓடுபாதை எதிர்த்திசையில் இருப்பதால், ஊருக்கு மேலாகப் போய்ச் சுற்றித் திரும்பி வந்து இறங்க வேண்டியிருக்கும்.

உள்ளபடி எழுதியது:

இவ்வளவும் இருக்கட்டும். நிறுவனங்கள் தாமதமாக வந்தாலும் குறித்த நேரத்தில் வந்ததாகக் காட்டிக்கொள்வதற்காகவே அட்டவணையில் நேரத்தைக் கூட்டிப் போடுகின்றன என்பதை யாரும் சொல்லவில்லையே. நான் ஒரு தடத்தில் அடிக்கடி பயணம் செய்கிறேன். பத்து முறையில் ஏழு முறை 25 நிமிடம் முன்னதாகவே இறங்கிவிடுகிறோம். இது பயணிகளை ஏமாற்றுவது ஆகாதா?

காற்றுமானி எழுதியது:

உங்கள் வருத்தத்தில் பாதி நியாயம் இருக்கிறது, மறுக்கமாட்டேன். அமெரிக்காவில் குறித்த நேரத்துக்குப் பின் 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அது தாமதமாகக் கணக்கிடப்படாது; அந்தப் புள்ளிவிவரம் வெளியிடப்படுவதால் அட்டவணையைச் சற்றுத் தாராளமாக வைக்கும் தூண்டுதல் நிறுவனங்களுக்கு உண்டு. ஆனால் மறுபாதியையும் பாருங்கள். ஒரே தடத்தில் ஒரே விமானம் ஒருநாள் 6 மணி 40 நிமிடமும் இன்னொரு நாள் 7 மணி 50 நிமிடமும் எடுக்கும். இருந்தும் பல மாதங்களுக்கு முன்பே ஏதேனும் ஓர் எண்ணை அச்சிட்டாக வேண்டும். சராசரியை அச்சிட்டால் ஏறத்தாழப் பாதி நாள்கள் தாமதமாக முடியும். இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் தவித்துப்போவார்கள். ஆகவே பெரும்பான்மையான நாள்களில் போதுமான அளவுக்குக் கூட்டி வைக்கிறார்கள். குளிர்காலத்துக்கும் கோடைக்காலத்துக்கும் அட்டவணை வேறுபடுவதும் காற்றை எண்ணித்தான். எரிபொருளை மிச்சப்படுத்தச் சற்று மெதுவாகப் பறக்கும்படி திட்டமிடுவதும் உண்டு. எனக்கு இதில் குறையாகத் தெரிவது ஒன்றே ஒன்று: பறக்கும் நேரம் எவ்வளவு, தரையில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாமல் ஒரே எண்ணாகக் கொடுப்பது.

இணைப்புப்பயணி எழுதியது:

அந்தக் குறை எனக்குப் பெரிய இழப்பாக முடிந்தது. தூரத்தைத் தரும் ஒரு பக்கத்தில் பயண நேரம் 6 மணி 20 நிமிடம் என்று போட்டிருந்ததை நம்பி, தனித்தனிச் சீட்டுகளாக இரண்டு பயணங்களை ஏற்பாடு செய்தேன். அவர்கள் கொடுத்தது தூரத்தை வேகத்தால் வகுத்த எண் என்பது எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே ஒன்றேகால் மணி நேரம் இருந்ததால் தாராளம் என்றுதான் நினைத்தேன். எதிர்க்காற்று 140 கி.மீ. என்று எதிரிலிருந்த திரை காட்டிக்கொண்டே வந்தது. சேரும் நேரம் இரண்டிரண்டு நிமிடமாகத் தள்ளிப்போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கியபோது அடுத்த விமானத்தின் வாயிலை மூடிவிட்டார்கள். ஒரே சீட்டாக இருந்திருந்தால் அவர்களே மாற்று ஏற்பாடு செய்திருப்பார்கள். தனிச் சீட்டு என்பதால் முழுவதும் என் பொறுப்பாயிற்று. வரைகோல் அவர்களே, நீங்கள் எழுதும் நிரலை நாளை யாரேனும் இப்படி நம்பக்கூடும். தயவுசெய்து அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை அதன் அருகிலேயே எழுதிவிடுங்கள்.

நேர மண்டலத்தையும் சேர்த்துக் கவனியுங்கள். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊரின் நேரத்தில் தரப்படுவதால், இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிய பிறகே கழிக்க வேண்டும். அரை மணி, முக்கால் மணிக் கணக்கில் வேறுபடும் நாடுகள் இருக்கின்றன; நேபாளம் 5 மணி 45 நிமிடம் முன்னே இருக்கிறது. சமோவாவின் அபியாவுக்கும் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்கும் இடையே அரை மணிக்குச் சற்று மேற்பட்ட பயணம்தான். ஆனால் இடையில் தேதிக்கோடு இருப்பதால் இரண்டு ஊர்களுக்கும் 24 மணி நேர வேறுபாடு. இன்று காலை புறப்பட்டு நேற்றுக் காலை போய்ச் சேர்வீர்கள். வெறுமனே கழித்தால் எதிர்க்குறி எண் வந்து நிற்கும்.

நிலஅளவை எழுதியது:

வான்வெளித் தடைகளையும் சொல்லிவிடுவது நல்லது. பெருவட்டம் எந்த நாட்டின் மேல் போகிறது என்று வாய்பாட்டுக்குத் தெரியாது. ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே 8,000 கி.மீ.க்கும் குறைவு, ரஷ்யாவின் மேலாகப் பறந்தவரை ஒன்பதரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். 2022-இல் அந்த வான்வெளி மூடப்பட்டதும் ஃபின்னேர் விமானங்கள் வடதுருவம் வழியாகவோ தெற்கே சுற்றியோ போக வேண்டியதாயிற்று. பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமாக நீண்டது. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, தூரக் கணக்கும் மாறவில்லை.

காற்றுமானி எழுதியது:

நிலப்பரப்பும் அப்படியே. திபெத்தியப் பீடபூமியின் சராசரி உயரம் 4,500 மீட்டருக்கு மேல். விமானத்துக்குள் அழுத்தம் குறைந்தால் பயணிகள் இயல்பாக மூச்சுவிடக்கூடிய 10,000 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 3,000 மீட்டருக்கு, விரைந்து இறங்க வேண்டும். அங்கே தரையே அதைவிட உயரத்தில் இருக்கிறது. முகமூடிகளில் வரும் ஆக்சிஜனோ சில நிமிடங்களுக்குத்தான். அதனால் பெரும்பாலான தடங்கள் அதை ஒதுக்கிச் செல்கின்றன. இரண்டே இயந்திரங்களுள்ள விமானங்கள், ஒன்று நின்றுபோனாலும் குறித்த நேரத்துக்குள் ஏதேனும் ஒரு நிலையத்தை அடையும்படி பறக்க வேண்டும் என்ற ஈட்டாப்ஸ் விதியும் தெற்குப் பெருங்கடல்களின் மேல் பாதையை வளைக்கிறது. 1985-இல் 120 நிமிடமாக இருந்த அந்த வரம்பு, ஏர்பஸ் ஏ350 போன்றவற்றுக்கு 370 நிமிடம் வரை உயர்ந்திருப்பதால் வளைவு இப்போது குறைந்திருக்கிறது.

வரைகோல் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னவற்றை வைத்துக் கணக்கைத் திருத்தி அமைத்தேன். பார்த்துச் சொல்லுங்கள்.

தூரம் 5,555 கி.மீ. பாதை வளைவுக்காக 3 விழுக்காடு கூட்டினேன், 5,720 ஆயிற்று. மேற்கே போகும்போது சராசரி எதிர்க்காற்று 80 என்று கொண்டு, 900-இலிருந்து கழித்து, 820-ஆல் வகுத்தால் 6 மணி 59 நிமிடம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் 18 நிமிடமும், இரு பக்கத் தரை நேரத்துக்கு 35 நிமிடமும் சேர்த்தால் 7 மணி 52 நிமிடம். கிழக்கே வரும்போது பின்காற்று 100 என்று கொண்டு 1,000-ஆல் வகுத்தால் 5 மணி 43 நிமிடம். அதே 53 நிமிடத்தைக் கூட்டினால் 6 மணி 36 நிமிடம். அட்டவணையில் உள்ள 8-க்கும் 7-க்கும் இப்போது பக்கத்தில் வந்துவிட்டேன். தூரம், பறக்கும் நேரம், வாயிலிலிருந்து வாயில் வரை ஆகும் நேரம் என்று மூன்றையும் தனித்தனியாக, பெயரோடு காட்டுகிறேன். இணைப்புப்பயணி அவர்களின் அனுபவத்துக்குப் பிறகு, நேரத்தை ஒற்றை எண்ணாகத் தராமல், இன்னதிலிருந்து இன்னது வரை என்றே தருகிறேன்.

தடைக்கட்டை எழுதியது:

நீண்ட தடங்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே தடத்தையும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். தூரம் 2.7 கி.மீ.

வரைகோல் எழுதியது:

கொடுத்துப் பார்த்தேன். 53 நிமிடம் என்கிறது. அட்டவணையில் 2 நிமிடம் என்று இருக்கிறது!

தடைக்கட்டை எழுதியது:

ஆம். காற்று ஒத்துழைத்த ஒரு நாளில் 53 விநாடியில் கடந்த பதிவும் இருக்கிறது. எட்டுப் பத்துப் பேர் அமரும் சிறு விமானம் அது. தள்ளுவதற்கு இழுவை வண்டி இல்லை, வரிசை இல்லை, 10,000 அடிக்கு ஏறுவதும் இல்லை. நீங்கள் கூட்டும் 53 நிமிடம் பெரிய நிலையங்களுக்கும் பெரிய ஜெட்களுக்கும் உரியது. தரை நேரத்தை நிலையத்தின் நெரிசலைப் பொறுத்தும், ஏறி இறங்கும் நேரத்தை விமான வகையைப் பொறுத்தும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 300 கி.மீ.க்குக் குறைவான தடங்களில் விமானம் முழு வேகத்தை எட்டுவதற்குள்ளேயே இறங்கத் தொடங்கிவிடும் என்பதால், அங்கே 900 என்ற எண்ணையே எடுத்துவிடலாம்.

வரைகோல் எழுதியது:

புரிந்தது. இரண்டையும் பிரித்துவிட்டேன். 300 கி.மீ.க்குக் குறைந்த தடங்களுக்கு விமான வகையைக் கேட்காமல் நேரத்தைக் காட்டக் கூடாது என்றும் நிரலில் சேர்த்திருக்கிறேன். அடுத்து, சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்லும் 15,300 கி.மீ. தடத்தைச் சோதிக்கப் போகிறேன். அங்கே பெருவட்டத்தையே விட்டுவிட்டுப் பசிபிக்கின் மேல் காற்றைப் பின்பற்றிப் போகிறார்கள் என்று படித்தேன். 3 விழுக்காடு அங்கே போதுமா என்று காற்றுமானி ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

காற்றுமானி எழுதியது:

போதாது. அந்தத் தடத்தின் பெருவட்டம் வடதுருவத்துக்கு அருகே போகிறது. காற்றுக்காகப் பசிபிக் வழியை எடுக்கும் நாள்களில் பறக்கும் தூரம் 16,000 கி.மீ.யைத் தாண்டிவிடும். நிலையான விழுக்காட்டை விட்டுவிட்டு, நாள்தோறும் வெளியாகும் மேலடுக்குக் காற்று முன்னறிவிப்பை நிரலுக்குள் கொண்டுவரப் பாருங்கள். எப்படிப் படிப்பது என்பதைத் தனி இழையில் எழுதுகிறேன்.